கல்லறை இல்லாத கேப்டன்



நம் ஏரியின் வடபுறத்தில் ஸ்ரீஹரிகோட்டா இருப்பதால், டாக்டர் அப்துல் கலாமை அறியாத பிள்ளை இக்கரையில் கிடையாது. 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு எஸ்.எல்.வி.-3 ராக்கெட் அங்கிருந்துதான் எழும்பிற்று. அத்திட்டத்தின் இயக்குநர் அவரே. இராமேசுவரத்தில் படகு வைத்துப் பிழைத்தவரின் மகன் என்பதால் நம் மீனவ மக்களுக்கு அவர்மீது தனிப் பாசமும் உண்டு. 2002ஆம் ஆண்டு அவர் குடியரசுத் தலைவரானதை நம் பெரியவர்கள் இன்றும் சொந்த வீட்டுச் செய்தியைப்போலச் சொல்லுவார்கள்.

அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் யார் என்று சென்ற வாரம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் அமர்ந்திருந்த ஆசிரியைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்த்து நின்றவர் 87 வயது நிரம்பிய ஒரு பெண்மணி, சென்னையில் பிறந்தவர், தொழிலால் மருத்துவர், ஒரு காலத்தில் படை அதிகாரி. கேப்டன் லட்சுமி என்று நாடு அவரை அழைத்தது. திருமணத்திற்குப் பின் லட்சுமி சேகல். தேர்தலில் தோற்றபின் அவர் கான்பூரில் இருந்த தம்முடைய சிறிய மருத்துவமனைக்குத் திரும்பி, வழக்கம்போல நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2012ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், 97 வயதில், அதே ஊரில் காலமானார். அவர் நினைவுநாள் இந்த வாரத்தில் வருகிறது. ஆகவே இவ்வாரச் சிந்தனையை அவருக்கு அளிக்க விரும்புகிறேன்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விடுதலை நாளை ஒட்டிய ஆராதனையில், நாட்டுக்காக உழைத்தவர்களின் பெயர்களைச் சொல்லி நன்றி ஜெபம் ஏறெடுப்பது நம் சபையின் வழக்கம். இவ்வாண்டு அப்பட்டியலைத் தயாரித்த பெண்கள் ஐக்கியத்தார் கேப்டன் லட்சுமியின் பெயரையும் அதில் எழுதியிருந்தார்கள். அதைக் கண்ட மூப்பர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் நல்ல மனிதர். கடலில் நாற்பது ஆண்டு உழைத்த கைகள் அவருடையவை. "ஐயா, அந்த அம்மா பெரியவங்கதான், இல்லேன்னு சொல்லல. ஆனா அவங்க கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்க. ஆண்டவரை அறிக்கை பண்ணாதவங்க. துப்பாக்கி தூக்கினவங்க வேற. சபையில அவங்க பேரைச் சொல்லி ஜெபிக்கலாமா?" என்று கேட்டார். அவர் குரலில் வெறுப்பு இல்லை. பயபக்தியோடு கேட்ட கேள்வி அது. அப்படிக் கேட்கிறவருக்கு வேதத்தின் வெளிச்சத்தில் பதில் சொல்வது போதகனின் கடமை. முதலில் அந்த அம்மையாரின் வாழ்க்கையை அறிந்துகொள்வோம். பின்பு வேதத்தைத் திறப்போம்.

லட்சுமி 1914ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தை சு. சுவாமிநாதன் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாயார் அம்மு சுவாமிநாதன் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தவர். 1952இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நாட்டியத்தில் புகழ்பெற்ற மிருணாளினி சாராபாய் லட்சுமியின் தங்கை. செல்வமும் கல்வியும் நிறைந்த வீடு. விரும்பியிருந்தால் அவ்வசதிகளுக்குள்ளேயே ஒரு நீண்ட வாழ்வை அமைதியாக முடித்திருக்கலாம்.

அவருடைய சிறு வயது நிகழ்ச்சி ஒன்றை முதிர்ந்த பருவத்தில் அவரே பகிர்ந்திருக்கிறார். மலபாரில் இருந்த பாட்டி வீட்டிற்குச் சென்றிருந்தபோது, காட்டுப்புறத்திலிருந்து ஒலிக்கும் பழங்குடி மக்களின் குரல்கள் அவர் காதில் விழும். அவர்களுடைய நிழல் பட்டாலே தீட்டு என்று பாட்டி சொல்லுவாராம். ஒருநாள் சிறுமி லட்சுமி நேரே நடந்து சென்று, பழங்குடிச் சிறுமி ஒருத்தியின் கையைப் பிடித்து விளையாட அழைத்து வந்துவிட்டார். பாட்டிக்குக் கோபம் பொங்கிற்று. பேத்தியோ வெற்றிக் களிப்பில் இருந்தாராம். பின்னாளில் அவர் செய்த பல காரியங்களுக்கும் இந்தச் சிறு செயலே தொடக்கமாக இருந்தது என்று நான் எண்ணுவதுண்டு.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1938இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவத்தில் சிறப்புப் பட்டயமும் பெற்று, இன்றைக்குக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் திருவல்லிக்கேணி மருத்துவமனையில் பணியாற்றினார். 1940இல் சிங்கப்பூருக்குச் சென்றார். அங்கே அவர் திறந்த மருத்துவ நிலையத்தின் வாசலில் வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து சென்ற ஏழைக் கூலித் தொழிலாளர்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் பாட்டியின் தமக்கை, மணமான மறு ஆண்டே, கணவரோடு மலாயாவின் ரப்பர் தோட்டத்திற்குப் போனார். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ கடிதம் வரும். யுத்தம் தொடங்கியது, கடிதம் நின்றது. யுத்தம் முடிந்தது, அப்போதும் கடிதம் வரவில்லை. என் பாட்டி தம் கடைசி நாள்வரையில் மாலை ஜெபத்தில் அந்த அக்காவின் பெயரைச் சொல்லி வந்தார். ஆகவே மலாயாத் தோட்டத் தமிழர் என்ற சொல் என் காதில் விழும்போது, அது எனக்கு வரலாற்றுப் பாடமாக மட்டும் ஒலிப்பதில்லை.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. போரில் காயம்பட்டவர்களுக்கு டாக்டர் லட்சுமி சிகிச்சை அளித்தார். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து, இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென ஒரு படைப்பிரிவு வேண்டும் என்று அறிவித்தார். அதை உருவாக்கும் பொறுப்பு லட்சுமியிடம் வந்தது. மறுநாளே மருத்துவ நிலையத்தை மூடுவதற்கான ஏற்பாடுகளில் இறங்கினார். 1943 அக்டோபர் 21ஆம் நாள் போஸ் அறிவித்த தற்காலிக அரசாங்கத்தில் அமைச்சர் பொறுப்பேற்ற ஒரே பெண் அவர்தான். மறுநாள், அக்டோபர் 22 அன்று, ஜான்சி ராணி படைப்பிரிவின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது.

அம்முகாமில் சேர்ந்தவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் பலர் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணை ஒருமுறைகூடக் கண்ணால் காணாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். கங்காணியின் அதட்டலுக்கு நடுங்கி வாழ்ந்தவர்கள் அங்கே நிமிர்ந்து நின்று அணிவகுக்கக் கற்றார்கள். மருத்துவப் பட்டம் பெற்ற வழக்கறிஞர் மகளும் எழுத்தறியாத தோட்டப் பெண்ணும் ஒரே சீருடை அணிந்து, ஒரே பந்தியில் உண்டார்கள். மலபாரில் பழங்குடிச் சிறுமியின் கையைப் பிடித்த அந்தக் கை இப்போது நூற்றுக்கணக்கான கைகளைப் பிடித்திருந்தது.

படைப்பிரிவு பர்மாவுக்குச் சென்றது. போர் தோல்வியில் முடிந்தது. பர்மாவில் காயம்பட்டோருக்கும் நோயுற்றோருக்கும் மருத்துவப் பணி செய்துவந்த கேப்டன் லட்சுமி 1945 மே மாதம் பிரிட்டிஷ் படையினரிடம் பிடிபட்டார். 1946 மார்ச் வரை பர்மாவிலேயே காவலில் வைக்கப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1947 மார்ச்சில், செங்கோட்டை வழக்கில் நிறுத்தப்பட்ட மூன்று அதிகாரிகளில் ஒருவரான கர்னல் பிரேம் குமார் சேகலை லாகூரில் மணந்து, கான்பூரில் குடியேறினார்.

பிரியமானவர்களே, அவர் படை அதிகாரியாக இருந்த காலத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுதான். "கேப்டன்" என்ற அந்தப் பெயர் அதன்பின் 67 ஆண்டுகள் அவரோடு இருந்தது. அந்த நீண்ட காலத்தில் அவர் என்ன செய்தார் என்பதே என்னை அதிகமாகச் சிந்திக்க வைக்கிறது.

கான்பூரில் மகப்பேறு மருத்துவராகப் பணி தொடங்கினார். பிரிவினையால் வீடிழந்து வந்து குவிந்த அகதிகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை கடந்து வந்தபோது, மேற்கு வங்காளத்திற்குச் சென்று அவர்களுக்கு மருத்துவ உதவி செய்தார். அக்காலத்தில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார். 1981இல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். 1984ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் இந்திரா காந்தி கொல்லப்பட்டபின், கான்பூரிலும் சீக்கியர்கள்மீது வன்முறை மூண்டது. அப்போது எழுபது வயதான இந்த அம்மையார் வீதியில் இறங்கி வெறிகொண்ட கூட்டத்தை எதிர்கொண்டார். தம் மருத்துவமனை இருந்த நெருக்கடியான பகுதியில் சீக்கியர்களுக்கும் அவர்தம் கடைகளுக்கும் தீங்கு நேராமல் பார்த்துக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தது. அங்கும் ஒரு மருத்துவக் குழுவோடு சென்றார். 1998இல் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தது. 2006இல், 92 வயதை எட்டியபோதும், கான்பூர் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி வேதத்தைத் திறப்போம். லூக்கா 7ஆம் அதிகாரத்தின் முதல் பத்து வசனங்களை உங்கள் வேதப்புத்தகத்தில் வாசியுங்கள். அந்நிகழ்ச்சி நடந்த இடம் கப்பர்நகூம். கலிலேயா ஏரிக்கரையில் இருந்த மீனவர் ஊர். வலைகள் உலர்த்தப்படும் கரை, மீன் நாற்றம் வீசும் தெரு, வரி வசூலிப்பவனின் சாவடி. நம் கோரைக்குப்பத்திலோ வைரவன்குப்பத்திலோ வளர்ந்த ஒருவருக்கு அவ்வூரைக் கற்பனை செய்வது கடினமல்ல. அப்படிப்பட்ட ஏரிக்கரை ஊரில் ஒரு படை அதிகாரி இருந்தான். நூறு வீரர்களுக்குத் தலைவனான நூற்றுக்கதிபதி அவன். யூதன் அல்ல, அந்நியன், அடக்கியாண்ட அரசுகளின் படை வரிசையைச் சேர்ந்தவன். ஊர் மக்கள் அவனை வெறுப்பதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆனால் அவனுடைய ஊழியக்காரன் சாகும் தறுவாயில் கிடந்தபோது, யூத மூப்பர்களே இயேசுவிடம் வந்து அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். தங்கள் ஜனத்தை அவன் நேசிக்கிறான் என்றும், தங்களுக்கு ஜெப ஆலயம் கட்டித்தந்தவன் என்றும் சொன்னார்கள்.

இறையியல் கல்லூரியில் இப்பகுதியைக் கிரேக்க மூலத்தில் பயின்றபோது ஒரு காரியம் என் மனத்தில் பதிந்தது. மூப்பர்கள் அவனைத் தகுதியுள்ளவன் என்கிறார்கள். அவனோ தன் நண்பர்களை அனுப்பி, இயேசு தன் வீட்டுக்குள் வருவதற்குத் தான் தகுதியற்றவன் என்கிறான். ஊர் ஒரு கணக்கைச் சொல்ல, அவன் வேறொரு கணக்கைச் சொல்கிறான். அவன் கட்டிய ஆலயத்தைப் பற்றி ஊர் பேசுகிறது. அவனோ அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. படுக்கையில் கிடக்கும் ஊழியக்காரனைப் பற்றி மட்டுமே பேசுகிறான். அக்காலத்தில் அடிமைக்கு விலை உண்டு. ஒருவன் இறந்தால் வேறொருவனை வாங்கிக்கொள்ளலாம். அந்த அதிகாரி அப்படி நினைக்கவில்லை. தனக்குக் கீழே, யாவரிலும் தாழ்ந்த நிலையில் இருந்த ஒருவனுக்காக அவன் தூக்கமிழந்தான். பதவியில் இருப்பவரை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இதுதான்: அவர் யாருக்காகக் கவலைப்படுகிறார்?

இயேசு அவனைக் குறித்து ஆச்சரியப்பட்டார் என்று வேதம் கூறுகிறது. ஜெப ஆலயத்தில் முதல் வரிசையில் அமர்ந்தவர்களுக்கு முன்பாக, ஆலயத்திற்கு வெளியே நின்ற ஓர் அந்நிய அதிகாரியை அவர் மனமாரப் பாராட்டினார். அப்படிப் பாராட்டியதால் அவருடைய பரிசுத்தம் குறைந்துவிடவில்லை.

மூப்பர் இதைக் கேட்டுவிட்டு நியாயமாகவே மறுமொழி சொன்னார்: "அந்த நூற்றுக்கதிபதிக்கு விசுவாசம் இருந்துச்சே, ஐயா." உண்மைதான். இந்த இடத்தை நாம் தாண்டிக் குதித்துவிடக்கூடாது. கேப்டன் லட்சுமி கிறிஸ்துவை அறிக்கையிட்டவர் அல்லர். எந்த மதத்தின் பெயராலும் அவர் பணி செய்யவில்லை. அவரை ஒரு மறைமுகக் கிறிஸ்தவராக்கி நம் பட்டியலில் சேர்ப்பது அவருக்கும் நேர்மையாகாது, நம் விசுவாசத்திற்கும் நேர்மையாகாது. அவர் அவராகவே இருக்கட்டும்.

ஆனால் ஒருவருடைய நன்மைகளுக்காகத் தேவனுக்கு நன்றி சொல்வது வேறு. அவருடைய ஆத்துமாவைக் குறித்துத் தீர்ப்புச் சொல்வது வேறு. இரண்டாவது நம் வேலை அன்று; அது நியாயாதிபதியின் கையில் இருக்கிறது. முதலாவதோ நம் கடமை. ஏசாயா 45ஆம் அதிகாரத்தில், தேவனை அறியாதிருந்த பெர்சிய மன்னன் கோரேசுவைத் தேவன் பெயர் சொல்லி அழைத்துத் தம் மக்களின் விடுதலைக்காகப் பயன்படுத்துகிறார். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வலதுபக்கத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். பசித்தவனுக்கு உணவளித்தவர்கள், வியாதியஸ்தனை விசாரித்தவர்கள். தாங்கள் யாருக்கு அதைச் செய்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. வியப்போடு ராஜாவைத் திருப்பிக் கேட்கிறார்கள். அந்த வியப்புக்கு வேதம் இடம் வைத்திருக்க, நாம் ஏன் அதை அடைக்க வேண்டும்?

2004 டிசம்பர் 26ஆம் நாளை நாம் மறக்கவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை நம் குப்பங்களுக்குள் ஏறிவந்த அந்நாளிலும் அதைத் தொடர்ந்த நாட்களிலும், ஈரத்துணியோடு நின்ற நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த கைகளில் எத்தனை மதங்கள் இருந்தன! அக்கஞ்சியை வாங்கும்போது நம்மில் எவரும், "நீங்கள் யாரை வணங்குகிறீர்கள்?" என்று கேட்கவில்லை. இரவில் ஜெபிக்கும்போது அதற்காகத் தேவனுக்கு நன்றி சொன்னோம். அவர்களையும் ஆசீர்வதிக்கும்படி கேட்டோம். சபை அன்று செய்தது சரியென்றால், இன்று கேப்டன் லட்சுமிக்காக நன்றி சொல்வதும் சரியே.

மூப்பரின் மூன்றாவது சொல்லும் மீதமிருக்கிறது: துப்பாக்கி தூக்கியவர். இதுவும் இலேசான கேள்வி அல்ல. இந்திய தேசிய ராணுவம் ஜப்பானின் துணையோடு நின்றது. அதே ஜப்பானியப் படைதான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசென்று ஆயிரக்கணக்கில் மாளவிட்டது. கடிதம் நின்றுபோன ஒரு குடும்பத்தின் பேரன் இதைச் சொல்லாமல் கடந்து போக முடியாது. அந்நாளில் இந்தியர் பிரிட்டிஷ் படையிலும் இருந்தனர், போஸின் படையிலும் இருந்தனர். இருபுறமும் நம் தாய்மாரின் பிள்ளைகள் மடிந்தார்கள். சமாதானத்தின் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கும் நான் எந்தப் போரையும் ஆராதனையில் புகழமாட்டேன். ஆனால் கேப்டன் லட்சுமி போர் முடிந்த பிறகு துப்பாக்கியின் பெருமையை வைத்துப் பிழைப்பு நடத்தவில்லை. ஆறு பத்தாண்டுகள் அவர் கையில் பிடித்தது மருத்துவக் கருவிகளை. 1984இல் கான்பூர் வீதியில் வெறியரை எதிர்கொண்டபோது அவர் ஆயுதம் ஏந்திய அதிகாரியாக நிற்கவில்லை. அப்பகுதிப் பிள்ளைகள் பலரைத் தம் கையில் ஏந்திப் பிரசவம் பார்த்த மருத்துவராகவே நின்றார். படைப்பயிற்சி அவருக்குத் தந்த துணிவு, உயிரைக் காப்பதற்கு அன்று பயன்பட்டது.

அவருடைய முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நினைக்கும்போதெல்லாம் நம் பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டம் என் கண்முன் வருகிறது. வெளியூரிலிருந்து வரும் விருந்தினரை நான் அங்கே அழைத்துச் செல்வதுண்டு. டச்சுக்காரர் 1610இல் இங்கே வாணிகத் தளம் அமைத்தார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் நம் ஊர்தான். துணியை ஏற்றுமதி செய்தார்கள். பஞ்ச காலங்களில் மனிதரையும் அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்குச் சென்ற அவர்களுக்குக் கல்லறைக் கல் எங்கும் இல்லை. அவர்களை அனுப்பிய கும்பெனியின் அதிகாரிகளுக்கோ, செதுக்கிய எழுத்துகளும் குலச் சின்னங்களும் கொண்ட பெரும் கற்கள் இன்றும் இருக்கின்றன. வாசலில் கல்லில் வடித்த இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. தொல்லியல் துறை வேலி போட்டுக் காத்து வருகிறது. ஆனால் அக்கற்களில் உள்ள ஒரு பெயராவது இவ்வூரில் ஒரு வீட்டிலாவது நன்றியோடு சொல்லப்படுகிறதா? நான் இங்கே ஊழியம் செய்யும் இத்தனை ஆண்டுகளில் கேட்டதில்லை.

கேப்டன் லட்சுமிக்குக் கல்லறை கிடையாது. அவருடைய விருப்பப்படி அவர் உடல் கான்பூரில் உள்ள கணேஷ் சங்கர் வித்யார்த்தி நினைவு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. மருத்துவம் பயிலும் பிள்ளைகள் அதைக்கொண்டு மனித உடலைக் கற்கட்டும் என்பது அவர் எண்ணம். 1930களில் சென்னை மருத்துவக் கல்லூரியில், பெயர் தெரியாத யாரோ ஒருவரின் உடலைக் கொண்டுதான் அவரும் பாடம் கற்றிருப்பார். பெற்ற கடனைத் திருப்பிச் செலுத்திவிட்டுப் போனார். உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிற நாம் நம் மரித்தோரை மண்ணில் விதைக்கிறோம். அது நம் நம்பிக்கையின் அடையாளம், அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் கடைசி எலும்புவரை பிறருக்குப் பயன்பட வேண்டும் என்று எண்ணிய ஒருவருக்கு முன்பாக, என் ஊழியத்தில் நான் எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இனி நம் கரைக்கு வருவோம். கேப்டன் லட்சுமியைக் கனம்பண்ணுவது ஒரு பெயரை வாசித்துவிட்டு ஆமென் சொல்வதோடு முடிந்துவிடலாகாது. நம் ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் அமர்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். பிடித்த இறாலைப் போடும் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, மணிக்கணக்கில் உப்புநீரில் கிடக்கிறவர்கள் அவர்கள். திருவிருந்து மேசையில் நாம் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம் என்கிறோம். ஆனால் அவர்களில் ஒருத்தி நம் வீட்டு வாசலுக்கு வந்தால், திண்ணையில் உட்காரச் சொல்கிறோமா? சிறுமி ஒருத்தி பாட்டியின் கோபத்தைக் கடந்து செய்த காரியம், ஞானஸ்நானம் பெற்ற நமக்கு இன்னும் கடினமாக இருக்கலாமா?

நம் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்துக் கூடும்போது ஆண்களே வட்டமாக அமர்கிறார்கள். எந்தப் பாட்டில் யார் வலை போடுவது, அபராதம் எவ்வளவு, திருவிழாவுக்கு வரி எவ்வளவு என்று தீர்மானிக்கப்படுகிறது. விடியுமுன் எழுந்து, மீன்கூடையைத் தலையில் சுமந்து, விற்று வந்து, அந்தப் பணத்தில் வீட்டை நடத்துகிற பெண்கள் தொலைவில் நின்று கேட்கிறார்கள். இதை நான் பெண்கள் ஐக்கியத்தில் பேசியபோது, மீன் விற்கும் தாய் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டார்: "அந்த அம்மா படிச்சவங்க, பெரிய வீட்டுப் புள்ள. அதான் ராணுவத்துல சேர முடிஞ்சுது. எங்களால என்ன ஐயா முடியும்?" நான் ஜான்சி ராணி படைப்பிரிவில் இருந்த தோட்டத் தொழிலாளிப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் படித்தவர்கள் அல்லர். அவர்களுடைய பெற்றோரும் உங்கள் பெற்றோரைப்போலக் கூலிகள்தான். ஆயினும் ஒரு தலைவி வந்து கைபிடித்து நிறுத்தியபோது எழுந்து நின்றார்கள் என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க பேரெல்லாம் யாருக்காவது தெரியுமா, ஐயா?" என்று கேட்டார். அக்கேள்வியை நன்றி ஜெபத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

ஆகவே வருகிற நன்றி ஆராதனையில் கேப்டன் லட்சுமியின் பெயர் வாசிக்கப்படும். அதைத் தொடர்ந்து, பெயர் அறியப்படாத அந்தத் தோட்டப் பெண்களுக்காகவும் ஒரு மௌன ஜெபம் இருக்கும். அந்தப் பகுதியை நடத்தும்படி மூப்பரையே கேட்டிருக்கிறேன், அவரும் சம்மதித்திருக்கிறார்.

நம் ஏரியின் முகத்துவாரம் மணல் மேவி அடைபடும்போது என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடல்நீர் உள்ளே வராது. இறால் குஞ்சு வராது. ஏரியே வற்றித் தவிக்கும். மணலை வாரி வழியைத் திறந்தால்தான் ஏரி பிழைக்கும். சபையும் அப்படியே. நமக்கு வெளியே தேவன் நடப்பிக்கும் நன்மைகளுக்கு முகத்துவாரத்தை அடைத்துவிட்டால், வற்றிப்போவது நாமே.

இவ்வாரத் தியானத்திற்கு: லூக்கா 7:1–10ஐக் குடும்பமாக வாசியுங்கள். உங்கள் பொறுப்பில் இருப்பவர்களில் யாவரிலும் தாழ்ந்த நிலையில் இருப்பவர் யார் என்று யோசியுங்கள். அது படகில் கூலிக்கு வரும் பையனாக இருக்கலாம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணாக இருக்கலாம். அவருடைய உடல்நலத்தை இந்த வாரத்தில் ஒருமுறையேனும் விசாரித்தறியுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, உம்மை அறிக்கையிட்டவர்கள் மூலமாகவும் அறிக்கையிடாதவர்கள் மூலமாகவும் எங்கள் தேசத்திற்கு நீர் செய்த நன்மைகளுக்காக ஸ்தோத்திரம். கேப்டன் லட்சுமியின் நீண்ட உழைப்புக்காகவும், அவரோடு அணிவகுத்த பெயர் தெரியாத எங்கள் சகோதரிகளுக்காகவும் நன்றி செலுத்துகிறோம். கடல் கடந்து போய்த் திரும்பாதவர்களை நீர் அறிந்திருக்கிறீர். அவர்களை உம்முடைய கரத்தில் ஒப்படைக்கிறோம். அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்குத் தாழ்ந்தோர்மீது கவலையுள்ள இருதயத்தைத் தாரும். எங்கள் ஏரிக்கரை ஊர்களில் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கும் துணிவை எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் அருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.